‘லேட்டஸ்ட் எடிஷன்’ என்று எழுதிய பாவம்

வெள்ளிக்கிழமை மாலை 5.45க்கு, ஒரு சட்டப் புத்தக செட்டுக்கான மூன்றாவது கொட்டேஷனும் வந்துசேர்ந்தது. அரசாங்கத் தமிழில் இதற்கு விலைப்புள்ளி என்று அழகான பெயர் இருக்கிறது. எங்கள் ஆபீசில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லார் வாயிலும் கொட்டேஷன்தான். மூன்று வந்தால்தான் என் தாள் ஃபைனான்ஸ் மேசைக்குப் போகும். குறைந்தால், ஏன் குறைந்தது என்று தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பயந்தே மூன்றாவது ஆளுக்கு நாலு நாளாகப் போன் போட்டு உயிரை எடுத்திருந்தேன்.

வேலை, ஒரு வக்கீல் ஆபீசில் லைப்ரரி பார்ப்பது. பெரிதாகக் கற்பனை பண்ண வேண்டாம். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு மாடி, பேன்ட்ரிக்கும் மீட்டிங் ரூமுக்கும் நடுவில் 11 நகரும் அலமாரி, ஆள் நான் ஒருத்தி. 1932இல் தொடங்கிய மலாயன் லா ஜர்னல் என்ற தீர்ப்புத் தொகுப்பு வரிசை ஒரு சுவரை அடைத்துக்கொண்டிருக்கிறது. “இன்னுமா அக்கா புத்தகம் வாங்குறீங்க? எல்லாம்தான் லாநெட்ல இருக்கே” என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். லாநெட் என்பது தீர்ப்புகளை ஆன்லைனில் தேடும் தளம். கேட்டவர்களே ஆறு மாதம் கழித்து, மறுநாள் காலை ஹியரிங் என்றால், ராத்திரி 8 மணிக்கு அலமாரிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். தீர்ப்புகளைத் திரையில் தேடிவிடலாம். ஒரு சட்டப் பிரிவை எந்தெந்தக் கோர்ட் எப்படியெல்லாம் படித்திருக்கிறது என்பதை வரிசையாக உட்கார்ந்து பார்க்க, உரைநூல்தான் சரிப்படும்.

வருஷத்துக்கு இரண்டு முறை பட்டியல் போடுவேன். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பாளர், எத்தனை பிரதி என்று கட்டம் போட்டு, புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகளுக்கு அனுப்பி விலை கேட்பது. ‘பதிப்பு’ என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் பல வருஷம் எழுதிவந்தேன்: லேட்டஸ்ட் எடிஷன். சட்டப் புத்தகத்தில் பழசை யார் கேட்பார்கள்? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் அடி 2022 மே மாதம் விழுந்தது.

அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் என் அலமாரி இரண்டு தடவை குப்புறக் கவிழ்ந்திருந்தது. 2021 டிசம்பர் 31 அன்று சிங்கப்பூர்ச் சட்டங்களின் 2020 திருத்தப் பதிப்பு நடப்புக்கு வந்தது. ‘சாப்டர் 224’ என்று காலங்காலமாக நாங்கள் எழுதிவந்த பீனல் கோடு (தண்டனைச் சட்டம்), அன்றிலிருந்து ‘பீனல் கோடு 1871’ ஆனது. அந்தத் தலைவலி தீருமுன் ஏப்ரல் 1 வந்தது, புதிய நீதிமன்ற விதிகளைக் கூட்டிக்கொண்டு. வழக்குப் போடுபவர் ‘பிளெயின்டிஃப்’ இல்லை, ‘கிளெய்மன்ட்’. ‘ரிட் ஆஃப் சம்மன்ஸ்’ போய் ‘ஒரிஜினேட்டிங் கிளெய்ம்’ வந்தது. இத்தனை வருஷம் நீதிபதியிடம் ‘லீவ்’ கேட்டவர்கள் இனி ‘பெர்மிஷன்’ கேட்க வேண்டும். எங்கள் சீனியர் ஒருவர் ஏப்ரல் முழுக்க லீவ் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சிவில் வழக்கு நடைமுறைப் புத்தகம் ஒன்று அட்டை பிய்ந்து கிடந்தது. பட்டியலில் அதன் பெயரைப் போட்டு, பக்கத்தில் வழக்கம்போல லேட்டஸ்ட் எடிஷன். மூன்று பேரும் விலை கொடுத்தார்கள், குறைந்தவருக்கு ஆர்டர் போனது, பெட்டி வந்தது. பெட்டியைப் பிரித்தது சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு தமிழ்ப் பெண். முதல் அத்தியாயத்தைப் புரட்டியவள் அப்படியே நின்றாள்.

“அக்கா, இதுல பிளெயின்டிஃப்னு போட்டிருக்கே.”

சப்ளையர் ஆபீசில் எப்போதும் பேசுகிற தம்பிக்கு உடனே போன் அடித்தேன். கத்தத் தயாராகத்தான் இருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “அக்கா, நீங்க கேட்டது லேட்டஸ்ட் எடிஷன். இதுதான் லேட்டஸ்ட். புது ரூல்ஸுக்கு இன்னும் அச்சே வரல.” மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. அவர் கணக்கில் அது சரி, என் கணக்கிலும் எழுத்துப்படி சரி. ஆர்டர் தாளில் ‘திரும்பப் பெறப்படாது’ என்ற வரியும் இருந்தது, என் கையெழுத்துக்கு ஒரு அங்குலம் மேலே. ஃபைனான்ஸ் அம்மணி ஒரு வார்த்தை பேசவில்லை. பில்லில் ஒரு மஞ்சள் துண்டுத் தாளை ஒட்டி, அதில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பினார். அந்தத் துண்டு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் என் தாள் நீண்டது. எத்தனையாவது பதிப்பு, எந்த வருஷம், எந்தத் தேதி வரையிலான சட்டத்தைச் சொல்கிறது, கெட்டி அட்டையா மெல்லியதா, எத்தனை தொகுதி, துணைத்தொகுதி விலையில் அடங்குமா என்று கட்டம் கட்டமாகக் கேட்க ஆரம்பித்தேன். தொகுதிக் கணக்கை ஒரு தடவை மறந்தபோது மூன்றில் ஒருவர் மட்டும் பாதி விலை போட்டிருந்தார். சந்தோஷப்பட்டு வட்டம் போட்டபிறகுதான் தெரிந்தது, அது இரண்டாம் தொகுதிக்கு மட்டும். அவர் கொடுத்த ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணும் அந்த ஒரு தொகுதியின் எண்தான், செட்டுக்கு உரியது இல்லை. செட்டுக்கு ஓர் எண், தொகுதிக்கு ஒவ்வோர் எண், கெட்டி அட்டைக்கு வேறு, மின்னூலுக்கு வேறு. ஒரே புத்தகம் ஐந்தாறு எண்களோடு திரியும்.

அதனால் எண்களை இப்போது கையாலேயே சரிபார்க்கிறேன். ஆபீசில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 13 இலக்கத்தில் முதலாவதை 1ஆல், இரண்டாவதை 3ஆல், மூன்றாவதை 1ஆல் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் 10ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் யாரோ தட்டச்சில் தவறு செய்திருக்கிறார்கள். காலையில் கோப்பி ஆறுவதற்குள் பட்டியலில் பாதி முடிந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கும் ஓரிடத்தில் ஏமாறும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி, அவற்றுக்குள் வித்தியாசம் சரியாக 5 இருந்தால் (16 என்பது 61 ஆனால்) கூட்டல் கச்சிதமாக 10 தள்ளிப்போய் அப்போதும் வகுபடும். ஒரு முறை அப்படியே மாட்டினேன். அது வேறு கதை.

விலை விவகாரத்தை நீட்டப்போவதில்லை. இங்கிலாந்துப் புத்தகம் பவுண்டில், இந்தியப் புத்தகம் ரூபாயில், கேட்பது மட்டும் சிங்கப்பூர் வெள்ளியில். கொட்டேஷன் 30 நாளுக்குச் செல்லும் என்பார்கள், எங்கள் ஆபீசில் கையெழுத்தாக 35 நாள் ஆகும். பொருள் சேவை வரி 2022 வரை 7 விழுக்காடு, 2023இல் 8, 2024 ஜனவரியிலிருந்து 9. சிங்கப்பூரில் புத்தகத்துக்கென்று வரிவிலக்கு கிடையாது. ஒருவர் வரியோடும் இன்னொருவர் வரியில்லாமலும் விலை போட்டால் ஒப்பிடுவது வீண். வரியை எங்கள் ஆபீஸ் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்பதால், வரிக்கு முந்தைய தொகையைத் தனியாகக் காட்டச் சொல்லிவிடுவேன். கப்பல் கூலியையும் அப்படியே. அவ்வளவுதான்.

இனி வெள்ளிக்கிழமை விஷயம்.

கிரிமினல் வழக்கு பார்க்கும் எங்கள் பார்ட்னர் ஒருவரிடம் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கான உரைநூல் செட் ஒன்று இருக்கிறது. இரண்டாம் தொகுதியின் முதுகு உடைந்து, ராஃபியா கயிற்றால் குறுக்கே கட்டிவைத்திருந்தோம். “புதுசா ஒரு செட் வாங்கிடும்மா” என்றார். வழக்கமான கம்பெனிகள் மூன்றுக்கும் அனுப்பினேன். இந்தியப் புத்தகங்களுக்கென்று தனித்தாள் ஒன்று பழைய கோப்பில் இருந்தது. அதை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். ‘பதிப்பு’ கட்டத்தில் பழைய சனியன் அங்கேயே உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

மூன்று கொட்டேஷன், மூன்றிலும் எண் சரி, தொகுதி சரி. மிகக் குறைந்ததை வட்டமிட்டுவிட்டுப் பையை எடுத்தேன். யீஷூன் ரயிலில் நின்றுகொண்டே போனில் மறுபடி பார்க்கும்போதுதான் புத்தகப் பெயரின் இரண்டாம் வரி கண்ணில் பட்டது: பாரதிய நியாய சம்ஹிதா.

வக்கீல் உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ஆம் வருஷத்தது. அதைப் பார்த்து எழுதியதுதான் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றப் பகுதியின் 1871ஆம் வருஷத்துச் சட்டம், இன்றைய சிங்கப்பூர் பீனல் கோடு. சாட்சியச் சட்டமும் அப்படியே, அங்கே 1872, இங்கே 1893. பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். கொலை அங்கேயும் 300, இங்கேயும் 300. வேண்டுமென்றே உண்டாக்கிய காயம் இயல்பாகவே உயிரைப் போக்கப் போதுமானதாக இருந்தால் அது கொலையா என்ற கேள்வி வந்தால், சிங்கப்பூர் கோர்ட்டில் இன்றும் எடுத்துப் பேசுவது பஞ்சாபிலிருந்து போன விர்சா சிங் வழக்கைத்தான், 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. அதனால்தான் சிங்கப்பூர் வக்கீல் அலமாரியில் இந்திய உரைநூலுக்கு இடம். இங்கே நாம் பல பிரிவுகளை மாற்றியும் எடுத்தும் விட்டோம், ஆனாலும் எலும்புக்கூடு அதே எலும்புக்கூடுதான்.

அந்த இந்தியச் சட்டத்தை 2024 ஜூலை 1 முதல் இந்தியாவே மாற்றிவிட்டது. பாரதிய நியாய சம்ஹிதா என்ற அந்தப் புதுச் சட்டத்தில் கொலை என்றால் என்ன என்பது 101, அதற்கான தண்டனை 103. மோசடிக்கான 420 இப்போது 318இன் நாலாவது உட்பிரிவு. படத்தில் ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்று திட்டுவார்களே, அந்தத் திட்டு அங்கே காலாவதி. சிங்கப்பூரில் மட்டும் அது இன்னும் சட்டப்படி சரியான திட்டு.

ஆக, எங்களுக்கு வேண்டியது பழைய சட்டத்துக்கு வந்த கடைசிப் பதிப்பு. மூன்று சப்ளையர்களும் கொடுத்தது புதுச் சட்டத்துக்கு வந்த புதுப் பதிப்பு. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். 2022இல் லேட்டஸ்ட் என்பது போதிய அளவு புதிதாக இல்லை, இப்போது அளவுக்கு மீறிப் புதிதாகிவிட்டது.

திங்கட்கிழமை மூன்று பேருக்கும் திருத்தி எழுதினேன். மத்தியானத்துக்குள் மூன்று பேரும் ஒரே பதில்: ஸ்டாக் இல்லை, பதிப்பாளரிடமும் இல்லை. தங்கை வீட்டுக்காரர் சென்னையில் வக்கீல். அவர் மூலமாக, பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடை நம்பர் கிடைத்தது.

“பழசா கேக்கறீங்க?” கடைக்காரர் குரலில் சந்தேகம். “எல்லாரும் புதுசு புதுசுன்னு பறக்கறாங்க. நீங்க சிங்கப்பூர்லேர்ந்து போன் போட்டுப் பழசு கேக்கறீங்களேம்மா.”

காரணம் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமில்லை. பின்னால் ஆட்டோ ஹாரன்.

“அதாவது நாங்க தூக்கிப்போட்ட சட்டத்துல நீங்க இன்னும் ஆளுங்களை உள்ள தள்ளிக்கிட்டிருக்கீங்க.”

“கிட்டத்தட்ட அப்படித்தாங்க.”

சிரித்தார். “இங்கயும் ஜூலைக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கெல்லாம் பழைய சட்டந்தாம்மா. அதனால சில பேரு இன்னும் கேட்டு வருவாங்க. ரெண்டு செட் மேல போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு அட்டை கொஞ்சம் அழுக்கு. நல்லதை உங்களுக்கு எடுத்து வைக்கறேன்.” விலை சொன்னார். புதுசைவிடக் கூடுதல். அதைக் கேட்டதும் எனக்கு ஃபைனான்ஸ் அம்மணி முகம்தான் ஞாபகம் வந்தது.

இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு கொட்டேஷன், அதுவும் வாட்ஸ்அப்பில் பில் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பியது. பழைய பதிப்பு, கூடுதல் விலை, பதிவு பெறாத சப்ளையர். எந்தக் கடிதத்துக்குப் பயந்து நாலு நாள் போன் போட்டேனோ, அதையே எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். ‘சந்தையில் புதிய பதிப்பு குறைந்த விலையில் கிடைக்கிறது, அது நமக்குப் பயன்படாது’ என்ற வரியை முதலில் வைத்தால் கிறுக்குத்தனமாகத் தெரிகிறது, கடைசியில் வைத்தால் ஒளித்ததுபோல இருக்கிறது. பார்ட்னர் ஒரு யோசனை சொன்னார்: நம் பீனல் கோடு 300ஐயும் பழைய இந்திய 300ஐயும் பக்கம் பக்கமாக நகலெடுத்து, நடுவில் புது 101ஐ வைத்து இணைத்துவிடு. அப்படியே செய்தேன். மூன்று பக்கம், ஒரு ஸ்டேப்ளர் ஊசி.

புதன்கிழமை ஃபைனான்ஸ் அம்மணி என் மேசைக்கே வந்தார். மூன்று பக்கத்தையும் படித்திருந்தார், அடிக்கோடு தெரிந்தது. கேட்டது ஒரே கேள்வி: “அப்படியானால் அடுத்த முறை இது கிழிந்தால் எங்கே வாங்குவாய்?”

கடைக்காரரிடம் மீதியிருக்கும் அழுக்கு அட்டை செட்டைப் பற்றிச் சொன்னேன். அதையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு செட்டுக்குமாக மேலே கையெழுத்துக்குப் போயிருக்கிறது. மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று பாரிமுனையில் சொல்லியிருக்கிறார். இங்கே உடைந்த இரண்டாம் தொகுதிக்கு இன்று சாயங்காலம் கயிறு மாற்றிக் கட்டினேன். பழைய பதிப்புகளைக் கழிக்கும்போது முதுகில் எழுத்து மங்கியதைத்தான் முதலில் இழுப்பார்கள் என்பதால், அதில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிவைத்தேன்.