எட்டு நிமிஷம்

கெடு இரவு 11:59. அம்பாசமுத்திரம் பக்கம் கரண்டு போய் வந்த ஒரு வீட்டிலிருந்து அசைன்மென்ட் ஏறிய நேரம் 12:07.

காலையில் மார்க் பட்டியலில் அந்தப் பிள்ளையின் 70, அறுபதாகிக் கிடந்தது.

அசைன்மென்ட் வாங்கி மார்க் போட ஆசிரியர்கள் பயன்படுத்தும் கேன்வாஸ் மென்பொருளில், தாமதத்துக்கு ‘நாளுக்கு 10%’ கழிவு என்று வைத்தால் எட்டு நிமிஷமும் முழு நாள்தான். அதுவும் வாங்கிய மார்க்கில் கழிக்காது, மொத்த மார்க்கில் கழிக்கும். இரண்டு நாள் தாமதம் என்றால் நூற்றுக்கு 70 வாங்கியவருக்கு 50. வாங்கியதில் கழித்தால் 56 நிற்கும். ஆறு மார்க் வித்தியாசம்! எந்தக் கணக்கு என்று முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கரண்டு போனவருக்கு மார்க்கைக் கையால் கூட்டாதீர்கள். அவருக்கு மட்டும் கெடுவைத் தள்ளி வையுங்கள், கழிவு தானே நீங்கும். கழித்தாலும் மார்க் இதற்குக் கீழே இறங்காது என்று ஓர் எல்லையும் வையுங்கள். இல்லாவிட்டால் நாலு நாள் பிந்தியவர் எழுதவே மாட்டார்.

கூடுதல் மார்க்குக்கு, மொத்த மார்க் 0 என்று தனி அசைன்மென்ட் போட்டு 5 கொடுக்கலாம்.

ஆனால் அதை எந்த அசைன்மென்ட் பிரிவில் போடுகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மொத்தமே 20 மார்க் உள்ள, இறுதி மார்க்கில் 30% பங்கு கொண்ட பிரிவில் போட்டால் அந்த 5, இறுதி மார்க்கில் 7.5 ஆகிவிடும். தனிப் பிரிவாக வைத்தாலோ ஒன்றுமே சேராது. மொத்தம் பூஜ்யமான பிரிவைக் கேன்வாஸ் கணக்கிலேயே எடுக்காது.

மார்க் போடும் முன் சோதனைக்கான மாணவர் கணக்கு ஒன்றில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.