பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்

தூக்க ஆய்வுக்கூடத்தில் எனக்கு இரவுப் பணி. தலையெங்கும் ஒயர்கள், மூக்கில் சிறு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் கிளிப். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். தூக்க மூச்சடைப்பு உள்ளவர்களில் பலர் விளக்கணைத்த சில நிமிடங்களிலேயே தூங்கிவிடுவார்கள். பகலெல்லாம் அடக்கி வைத்த தூக்கம் அது.

பிறகு குறட்டை. வீட்டார் அந்தச் சத்தத்துக்குத்தான் வருந்துகிறார்கள். என் கண்ணோ அது நிற்கும் நொடியைத் தேடும். திரையில் காற்றோட்டக் கோடு தட்டையாகிவிடும். மார்பும் வயிறும் மட்டும் ஓய்வதில்லை. ஒன்று உள்வாங்க, மற்றது மேலெழும். தொண்டை அடைபட்டிருக்க, உடல் காற்றை இழுக்கப் போராடுகிறது. பத்து நொடி நீடித்தால் கணக்கில் சேரும். ஒரு நிமிடம் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சற்றுத் தாமதித்தே இறங்கும்: 94, 88, 79 சதவீதம். மூளை விழித்துக்கொள்ள, பெரும் உறுமலோடு மூச்சு திரும்பும். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ என்றால் கடுமையான நிலை.

காலையில் நோயாளியைக் கேட்டால், "நன்றாகத் தூங்கினேன் சார்" என்பார். பொய்யில்லை, சில நொடி விழிப்பு நினைவில் தங்காது. காலைத் தலைவலிக்கும் மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தத்துக்கும் பல மருத்துவர்களைப் பார்த்திருப்பார். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியது மனைவியிடம். லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி சொன்னார்: "மூச்சு நின்றால் தோளைப் பிடித்து உலுக்குவேன் தம்பி. லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அங்கே யார் உலுக்குவார்கள்?" எந்த மருத்துவப் படிவத்திலும் இவ்வளவு தெளிவான நோய்க்குறிப்பை நான் படித்ததில்லை. பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆனால் மனைவிக்கு மூச்சு நிற்கிறது என்று அழைத்துவரும் கணவர்கள் மிகக் குறைவு. இது எனக்கு ஆறாத வருத்தம்.

மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை, 1981இல் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் குழு வெளியிட்டது. இன்றைய சிபாப் கருவி அதிலிருந்து வந்ததுதான். அழுத்தம் சரியாக அமைந்ததும் திரையில் கோடுகள் சீராகிவிடும். இருந்தும், மாஸ்க் முகத்துக்குப் பொருந்தாததாலேயே பல கருவிகள் பரணுக்குப் போய்விடுகின்றன. அதனால் மாஸ்க் பொருத்தக் கற்றுக்கொடுக்கும் நாளில் துணையையும் கட்டாயம் அழைத்துவரச் சொல்கிறேன். நள்ளிரவில் காற்று கசிந்தால், பட்டையை இழுத்துச் சரிசெய்யப் போவது பெரும்பாலும் அவர்தான்.