ஓடும்போது மயங்கியவனுக்கு சிடி ஸ்கேனில் கிடைத்த விடை

என் மகன் பத்தாம் வகுப்பு, பள்ளியில் 400 மீட்டர் ஓடுபவன். அவன் மயங்கி விழுந்தது ஓடிக்கொண்டிருக்கும்போதே. காரைக்குடியில் முதலில் காட்டிய இடத்தில் ஈசிஜி பார்த்துவிட்டு, "நார்மல்தான், வெறும் வயித்தோட வெயில்ல ஓடியிருப்பான்" என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுப் போனவன் அவன். அப்பத்தா குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை, மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இதய மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "ஓடும்போதா, ஓடி நின்ற பிறகா?" என்பதுதான். ஓடும்போதே விழுந்தால் லேசாக விடக்கூடாதாம். எக்கோவில், அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்டில், வால்வு, தசை எல்லாம் சரி. ஆனால் வலது கரோனரி தமனி கிளம்பும் இடம் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் இந்தத் தமனிகளை டை (படத்தில் தெரிய ஏற்றும் மருந்து) ஏற்றிப் படமெடுக்கும் சிடி கரோனரி ஆஞ்சியோகிராம் எழுதினார்.

இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இந்தத் தமனிகள், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் அடியில் வலம், இடம் என்று அதனதன் பக்கத்தில் கிளம்ப வேண்டும். நூறில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஏதோ ஒரு மாற்றம் இருக்கலாம். பெரும்பாலானவை தொந்தரவு தராதவை. இடம் மாறிக் கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து போனால்தான் ஆபத்து. ஓய்வில் எடுக்கும் ஈசிஜி இதைக் காட்டாமலே போகலாம். டிரெட்மில்லில் ஓடவிட்டு எடுக்கும் ஈசிஜிகூட நார்மலாக வருவதுண்டு.

"கையில டியூப் விட்டு எடுக்கிற ஆஞ்சியோவே எடுத்துடலாமே?" என்று என் அண்ணன் கேட்டார். அதில் குழாயின் உட்புறம் தெரியும். எதற்கு நடுவில் போகிறது என்பதை சிடிதான் முப்பரிமாணத்தில் காட்டும் என்றார் மருத்துவர்.

முன்கூட்டியே, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. அன்றைக்கு டீ, காபி கூடாது. நாலு மணி நேரம் சாப்பாடு இல்லை, தண்ணீர் குடிக்கலாம். சின்ன வயதில் அவனுக்கு வீசிங் இருந்ததைச் சொன்னேன். துடிப்பைக் குறைக்க வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை ஆஸ்துமாவுக்கு ஆகாது என்று, ஐவாபிரடின் கொடுத்தார்கள். வீசிங் இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். துடிப்பு 60 பக்கம் இறங்கினால்தான் படம் கலங்காமல் விழும். பையன் பயத்தில் இருந்ததால் இறங்க நேரம் பிடித்தது. உள்ளே போவதற்கு முன் அந்தக் காத்திருப்புதான் பெரிசு.

நாக்குக்கு அடியில் ஒரு ஸ்பிரே அடித்தார்கள், கொஞ்சம் தலைவலித்ததாம். முழங்கை மடிப்பில் ஊசி. டை ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டது போல இருக்கும் என்று டெக்னீஷியன் முன்பே சொல்லிவைத்தது நல்லதாயிற்று. மூச்சை அடக்கச் சொல்லிப் பழக்கினார்கள். ஸ்கேன் என்னவோ சில நொடிதான். கதிர்வீச்சு பற்றிக் கேட்டேன்; ஒல்லி உடம்புக்கு அளவைக் குறைத்து, துடிப்பின் ஒரு கட்டத்தில் மட்டும் எடுப்பதாகச் சொன்னார்கள்.

வலது தமனி இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே போகிறது. தமனி கிளம்பும் வாய் கீறல் போல ஒடுங்கியிருக்கிறது. மயக்கமும் வந்திருப்பதால் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். அதுவரை ஓட்டம், மஞ்சுவிரட்டு, கிணற்று நீச்சல் எதுவும் கிடையாது.

ரிப்போர்ட் தாளோடு சிடி படங்கள் இருக்கும் வட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அறுவை நிபுணர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, படத்தைத் தாமே திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் பேசினார். பரீட்சை வரை காத்திருக்க வேண்டாம் என்று தேதியும் குறித்துவிட்டார்.