லாஸ்பேட்டை ஹாலில் ஒரு பாராசூட்

விமானத்திலிருந்து குதிக்கப் பயமாக இல்லையா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 13,000 அடியில் கதவு திறக்கும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு விஷயம். குதிக்கப்போகிற பாராசூட்டை நானே மடிக்க வேண்டும்.

புதுச்சேரியில் இதற்கென்று நிரந்தரமான இடம் எதுவும் கிடையாது. லீவு போட்டுத் தாய்லாந்து போய்க் கற்றுக்கொண்டேன். அங்கே அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏவின் பாடமுறை. முதல் கட்டமான ஏ லைசென்ஸ் வாங்க 25 ஜம்ப் முடித்திருக்க வேண்டும். மெயின் பாராசூட்டைத் தானே மடித்தும் காட்ட வேண்டும். அதுவரை குதிக்கும் மைதானமான டிராப்ஸோனில் இருக்கும் பேக்கர் மடித்துக் கொடுத்ததை முதுகில் மாட்டிக்கொண்டு நிம்மதியாக ஏறினேன். அவர் முந்தின ராத்திரி சரியாகத் தூங்கினாரா, மடிக்கும்போது போனில் பேசிக்கொண்டிருந்தாரா, எனக்கு ஒன்றும் தெரியாது. அவரை நம்ப முடிந்தது, என் கையை நம்ப முடியவில்லை. இது என்ன கணக்கோ, இன்றுவரை புரியவில்லை.

வீட்டில் வைத்துப் பழகலாம் என்று செகண்ட் ஹேண்ட் ரிக் ஒன்றை, அதாவது பாராசூட்டும் அதை மாட்டும் முதுகுப்பையும் சேர்ந்ததை, வாங்கிக்கொண்டு வந்தேன். பாங்காக் விமான நிலைய ஸ்கேனரில் பை நின்றுவிட்டது. உள்ளே ஏஏடி என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. ஆள் மயங்கிப்போய் 750 அடிவரை அதே வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட்டான ரிசர்வை அதுவே திறந்துவிடும். அதன் எக்ஸ்ரே படம் போட்ட அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். வீட்டில்தான் அப்படி எந்த அட்டையும் செல்லவில்லை.

"ஏண்டி, இத மடிக்கறதுக்குன்னே ஒரு ஆள் இருக்கான்னு சொன்னியே. அவன்கிட்ட காசக் குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

சோபாவை வராந்தாவுக்குத் தள்ளி, ஹாலிலிருந்து சாப்பாட்டு மேஜைவரை நீட்டினால்தான் இடம் போதும். மொட்டை மாடி சும்மாதான் கிடந்தது, ஆனால் வெயில் நைலானுக்கு ஆகாது. பீச்சில் விரித்து மடியேன் என்றான் தம்பி. மணலும் உப்பும் பாராசூட்டின் கயிறுகளான லைன்களை அரித்துவிடும் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். ஹாலிலும் ஃபேன் போட முடியாது, துணி பறக்கும். புதுச்சேரி மே மாதப் புழுக்கத்தில், மொசைக் தரையில் முட்டி போட்டுக்கொண்டு நான் வேர்த்த வேர்வைக்கு ஒரு துண்டு போதவில்லை.

மடிப்பதில் முதல் பாதி நின்றுகொண்டே செய்வது. உடம்பில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, லைன்களை விரல்களுக்கு நடுவில் பிடித்து மேலே துணிவரை நடக்க வேண்டும். எங்காவது முறுக்கோ முடிச்சோ இருந்தால் அப்போதே விரலில் தட்டும். திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் இழுக்கிற பிரேக் கயிறுகளைச் சரியான இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். அப்புறம் துணி முழுவதையும் தோளில் போட்டுக்கொண்டு, காற்று நிறையும் ஒன்பது அறைகளின் வாயையும் எண்ணி, ஏ, பி, சி, டி என்று வரிசையாக வரும் லைன்களுக்கு இடையிலிருக்கும் துணியை வெளியே இழுத்து அடுக்க வேண்டும். அம்மா கொசுவம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த இடம் மட்டும் சட்டென்று கைவந்தது. பிறகு ஸ்லைடர். நான்கு மூலையிலும் வளையம் வைத்த சின்னச் சதுரத் துணி அது. லைன்கள் அந்த வளையங்களுக்குள் ஓடும். அதை மேலே முட்டும்வரை தள்ளி வைத்தால்தான், விரியும்போது காற்றின் எதிர்ப்பில் மெல்ல மெல்ல இறங்கும். பாராசூட்டும் மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொண்டு விரியும். கீழேயே விட்டுவிட்டால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் படாரென்று திறக்கும், கழுத்து தாங்காது.

இரண்டாம் பாதிதான் மானத்தை வாங்குவது. என்னுடையது காற்றே புகாத ஜீரோ போராசிட்டி துணி. வெளியே காற்று கசியாது என்றால், உள்ளே மாட்டிய காற்றும் லேசில் வெளியேறாது. சுருட்டித் தரையில் கிடத்தி, மேலே படுத்துக் காற்றை வெளியேற்றி, எஸ் வடிவில் மடித்துப் பைக்குள் திணிக்கப் போனால் இந்தப் பக்கம் திணித்தது அந்தப் பக்கம் வழுக்கி வரும். ஒருவழியாக உள்ளே போனது கசங்கி, கோணலாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். என் பயத்துக்கு மூலகாரணம் அந்தக் கோணல்தான். காணொளிகளில் வருகிறவர்கள் மடித்தால் பெட்டி மாதிரி இருக்கும். என்னுடையதைப் பார்த்தால் இது எப்படித் திறக்கும் என்றுதான் எனக்கே தோன்றும்.

பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா தினமும் சாயந்திரம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ராணுவத்தில் அவரும் குதித்திருக்கிறார், வட்டப் பாராசூட், விமானத்தில் மாட்டிய கயிறே இழுத்துத் திறந்துவிடும். "எங்களுக்கு மடிச்சுக் குடுக்கத் தனி ஆளுங்க பாப்பா. நாங்க தொட்டா கமாந்தான் கத்துவாரு," என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எது தப்பாப் போனா ஆள் போவும்? அதச் சொல்லு மொதல்ல," என்று கேட்டார்.

என் இன்ஸ்ட்ரக்டர் எவ்வளவோ சமாதானம் சொல்லியும் அடங்காத மனசு இந்தக் கேள்வியில்தான் ஒரு இடத்தில் நின்றது. அன்று ராத்திரியே அவருக்கு வீடியோ காலில் என் கோணல் மூட்டையைக் காட்டி இதையே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, துணியின் அழகைப் பற்றிக் கவலைப்படாதே என்றார். காற்றில் விட்டால் விரிவதுதான் அதன் சுபாவம். கசங்கல் இருந்தால் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித் திறக்கும், லைன் முறுக்கினால் காலை உதைத்துப் பிரித்துக்கொள்ளலாம். தப்பவே கூடாதவை சில உண்டு. லைன்கள் நேராக இருக்க வேண்டும், நடுவில் ஹார்னஸ் புரண்டு நுழைந்திருக்கக் கூடாது. ஸ்லைடர் மேலே இருக்க வேண்டும். பிரேக் மாட்டியிருக்க வேண்டும். பைலட் சூட்டை காக் செய்திருக்க வேண்டும். பைலட் சூட்டைப் பெரிய பாராசூட்டோடு இணைக்கும் பிரைடில் நாடா எதிலும் சிக்காமல் போயிருக்க வேண்டும்.

இதில் பைலட் சூட்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கையால் எடுத்து வீசுகிற குட்டிப் பாராசூட் அது. காற்றைப் பிடித்து, பையை மூடியிருக்கும் பின்னை உருவி, பெரியதை வெளியே இழுப்பது அதன் வேலை. வேலை முடிந்ததும் உள்ளே ஓடும் ஒரு கயிறு அதைச் சுருக்கிவிடும். மறுபடி மடிக்கும்போது அந்தக் கயிற்றை இழுத்துத் தயார்நிலைக்குக் கொண்டுவர (அதுதான் காக் செய்வது) மறந்தால், வீசியது பின்னால் வெறும் துணியாகத் தொங்கிக்கொண்டு வரும். பிரைடிலில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. காக் செய்திருந்தால் அதில் கயிற்றின் வண்ணம் தெரியும். என்னுடையதில் பச்சை. மூடுவதற்கு முன் அந்தப் பச்சையைப் பார்த்து "பச்சை" என்று வாய்விட்டுச் சொல்வேன். சில நாளில் தாத்தாவே நாற்காலியிலிருந்து "பச்சை பாத்தியா?" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஊதிப்பெருத்து ஹால் முழுக்க நிறைந்து கிடந்தது, எண்ணிப் பார்க்கிற அளவுக்குச் சுருங்கியது. அதற்குப் பிறகு கோணல் மூட்டையைப் பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. இன்னொன்றும் தைரியம் கொடுத்தது: ரிசர்வ் பாராசூட்டை நான் தொடவே முடியாது. அமெரிக்க விதிப்படி லைசென்ஸ் வாங்கிய ரிக்கர்தான் அதை மடிக்க வேண்டும், அதுவும் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். மெயின் சொதப்பினால் வலப்பக்கக் கைப்பிடி அதைக் கழற்றிவிடும், இடப்பக்கக் கைப்பிடி ரிசர்வைத் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டும் கை அங்கே போகிற மாதிரி அதையும் ஹாலில் பழகினேன். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

வீட்டில் மடித்ததோடு குதிக்கவில்லை. தாய்லாந்தில் இன்ஸ்ட்ரக்டர் முன்னால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து மடித்தேன். நல்ல பேக்கர் பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, இரண்டு லோடு, அதாவது ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை விமானம், என்னை விட்டுவிட்டுப் போனது. கடைசியில் பையை மூடும் லூப்பில் பின்னைப் போட்டுவிட்டு, லூப்பை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை மெதுவாக உருவினேன். வேகமாக உருவினால் உரசும் சூட்டில் லூப் தேய்ந்துவிடும்.

5,000 அடியில் பைலட் சூட்டை வீசினேன். தோளில் ஒரு இழுப்பு, சரசரவென்று சத்தம், அண்ணாந்து பார்த்தால் சதுரமாக, கொஞ்சம் இடதுபக்கம் திரும்பியபடி விரிந்திருந்தது. ஸ்லைடர் இறங்கியிருந்தது. பிரேக்கை விடுவித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், சொன்னபடி கேட்டது. பெரிதாக எதுவும் தோன்றவில்லை, இறங்கியதும் இதை மறுபடி மடிக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

இப்போதும் அசதியாக இருந்தால் காசு கொடுத்துப் பேக்கரிடமே கொடுத்துவிடுகிறேன், அம்மா சொன்னபடி. ஆனால் மாட்டிக்கொள்ளும் முன் அந்தப் பச்சையைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடுவேன். பேக்கர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.