அப்பா பெயரைப் பாடிய தெரு

செனகல் நாட்டின் டாக்காருக்கு வேலைக்கு வந்த புதிதில் என்னை ரொம்பவும் உறுத்தியது என் பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் அதைச் சொல்லியே கூப்பிட்டார்கள். இறந்துபோன அப்பாவைத் தேடி யாரோ வந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்னும்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கச்சேரிக்கு அழைத்தார். பத்து மணிக்கே கிளம்பி நின்றேன். "இப்போதேவா? போய்த் தூங்கி எழுந்து வாருங்கள்" என்றார். பாடகர் மேடைக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

செனகல் பாடகர் யூசு என்தூர் உலகம் முழுக்கக் கொண்டுபோன 'ம்பலாக்ஸ்' இசை அது. கிதாருக்கும் கீபோர்டுக்கும் அடியில் சபார் முரசுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. கூடவே தமா என்று ஒரு சிறிய மேளம். நம் உடுக்கை மாதிரி இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கி அழுத்த அழுத்தச் சுருதி ஏறி இறங்கும், பேசுவது போலவே.

மூன்றாவது பாட்டில் ஓர் அம்மா எழுந்தார். அவசரமே இல்லாமல் மேடையேறி, பத்தாயிரம் பிராங்க் நோட்டைப் பாடகர் கையில் வைத்தார். பாட்டு அப்படியே திரும்பி அவருடைய குடும்பத்துக்குள் போனது. பாட்டன், பூட்டன் என்று பெயர்கள் வர வர அந்த அம்மாவின் கண் கலங்கியது. அவர் இறங்குவதற்குள் ஓர் இளம்பெண் ஓடி வந்து ஆடினாள். பத்து விநாடிதான் இருக்கும். முரசுக்காரர் அவள் முழங்காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கால் தரையில் விழுவதும் அடி விழுவதும் ஒன்றாகவே முடிந்தன. சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள்.

ஊரில் கரகாட்டத்தில் சட்டையில் நோட்டு குத்துவதைப் பார்த்தவன் நான். இதையும் அப்படித்தான் நினைத்தேன். அழைத்து வந்த பக்கத்து வீட்டு நண்பர் திருத்தினார். பாடுகிறவர் 'கேவெல்', பரம்பரைப் பாணர். "என் பூட்டனைப் பற்றி எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அதைப் பாடும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?" என்றார். இன்னொன்றும் சொன்னார்: இங்கே பேசும் வொலோஃப் மொழியில் குடும்பப் பெயருக்கும் புகழ்வதற்கும் ஒரே சொல்தான், 'சந்த்'.

அப்புறம் அவர் பேத்திக்குப் பெயர் வைத்தார்கள். குழந்தை பிறந்து ஒரு வாரம். தெருவை அடைத்துப் பந்தல், மதியம் மீனும் சோறும், சாயங்காலம் சபார். பாடிக்கொண்டிருந்த பாட்டி என் எதிரே வந்து நின்று, "நாக்க ங்க சந்த்?" என்றார். உன் குடும்பப் பெயர் என்ன? அப்பா பெயரைச் சொன்னேன்.

நண்பர் பாட்டியின் காதில் ஏதோ சொன்னார். கடல் தாண்டி வந்தவன் என்றும், அப்பா விவசாயி என்றும் சொன்னாராம். பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா பெயரை இழுத்துப் பாடினார். தமா அதை வாங்கி ஒரு முறை திருப்பிச் சொன்னது. பெண்கள் கைதட்டினார்கள். சட்டைப் பையில் இருந்த ஐயாயிரம் பிராங்க் எப்படி அவர் கைக்குப் போனது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை தெருமுனை டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் இந்த ஊர் வழக்கப்படி அப்பா பெயரை இரண்டு முறை சொல்லி வணக்கம் வைத்தார். நானும் அவர் குடும்பப் பெயரை இரண்டு முறை சொன்னேன்.