எட்டு மாதப் பிள்ளைக்கு இன்னும் அரைத்துக் கொடுக்கலாமா?

கல்முனை, காத்தான்குடிப் பக்க வீடுகளில் பத்து மாதப் பிள்ளைக்கும் சோற்றைக் கிரைண்டரில் அடித்து, கூழாக்கிக் கொடுப்பதுண்டு. தொண்டையில் அடைத்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். ஆனால் வழுவழுப்பையே தின்று பழகிய பிள்ளை மெல்லக் கற்காது. பத்து மாதம் தாண்டினால், கட்டியான சாப்பாட்டைத் துப்புகிற பழக்கம் ஊன்றிவிடக் கூடும். ஆறு மாதம் முடிந்ததும் மசித்துத் தொடங்குங்கள். எட்டாம் மாதத்தில் கரண்டியின் பின்பக்கத்தால் அரைகுறையாக நசுக்கினால் போதும். பல் முளைக்காவிட்டாலும் முரசே (ஈறே) அதை நசுக்கிவிடும்.

பதம் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக்கூடாது. கஞ்சித்தண்ணி வயிற்றை நிரப்பும், சத்துத் தராது. குழைய வேகவைத்த சோறு மூன்று மேசைக்கரண்டி, பருப்பு ஒரு மேசைக்கரண்டி, சுண்டிய முருங்கை இலை கொஞ்சம், தேங்காய்ப்பால் ஒரு தேக்கரண்டி, அதோடு மீன். உப்பும் சீனியும் வேண்டாம். 250 மில்லிலீட்டர் கோப்பையில் அரைவாசிதான் ஒரு வேளைச் சாப்பாடு. எட்டாம் மாதம்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதிலிருந்து மூன்று நான்கு வேளை, தாய்ப்பாலோடு.

மீனைத் தள்ளிப்போடாதீர்கள். பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் அது குறைவு. பாரை போன்ற பெரிய மீனின் சதைத்துண்டை எடுங்கள். சூடையில் முள் மயிர்போல இருக்கும், இந்த வயதுக்கு ஆகாது. அவித்து ஆறியதும் வெள்ளைத் தட்டில் விரல்களுக்கிடையே உதிர்த்து, ஒருமுறைக்கு இருமுறை தடவிப் பாருங்கள். சோற்றோடு பிசைந்தபின் முள் தேடுவது பயனில்லை. சூரை வாங்கினால் அன்றே பிடித்ததாக இருக்கட்டும். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது. பருப்பில் இரண்டு துளி தேசிக்காய் விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தேத்தண்ணி அதைத் தடுக்கும், ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம். தேனும் ஒரு வயதுவரை கூடாது.

நம்மூர் வெக்கையில் சமைத்த சாப்பாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பிள்ளை தின்று மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுக்கவே கூடாது.

முழுக் கச்சான், கொட்டையோடு றம்புட்டான், முறுக்கு, உருண்டையாக முந்திரிகைப்பழம் (திராட்சை): இவை எதுவும் வேண்டாம். நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டுங்கள். அழும்போது, சிரிக்கும்போது, படுத்திருக்கும்போது ஊட்டவே வேண்டாம்.

ஓங்காளிப்பதும் அடைப்பதும் வேறு வேறு. பிள்ளை முகம் சிவந்து, சத்தத்தோடு இருமி ஓங்காளித்தால் அது தானாக வெளியே தள்ளுகிறது. பக்கத்தில் இருந்து பாருங்கள். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலமானால் அடைப்பு. உடனே ஒருவர் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கட்டும். மற்றவர் பிள்ளையைத் தலை தாழக் குப்புற முன்கையில் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. மல்லாத்தி, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் 5 அழுத்து. வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரல் விட்டால் அது இன்னும் உள்ளே போகும். பிள்ளை மயங்கினால் நெஞ்சழுத்தமும் மூச்சும் கொடுக்கத் தொடங்குங்கள்.