ஜனதா டயல் ஒரிஜினல்தானா?

மதுரையில் பழைய எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் தேடினால், பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அங்கேதான் உஷாராக இருக்கணும். கேஸ், அதாவது கடிகாரத்தின் வெளிக்கூடு, முனை மழுங்கி, பின்மூடி கீறலாகக் கிடக்கும்போது டயல் மட்டும் எப்படிப் புதுசாக இருக்கும்? கிளிப்பச்சை, ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் மறுபெயின்ட்தான்.

கடை வாசல் வெளிச்சத்தில் 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். டயலில் ஒரிஜினல் எழுத்து அச்சின் ஓரம் கூர்மையாக நிற்கும். மறுபடி அடித்ததில் மை பரவி, ‘ஜுவல்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘இ’ எழுத்தின் நடுவெளி அடைபட்டிருக்கும். நிமிடக் கோடு 12-ல் சரியாக இருந்து 6-ல் விலகினால் வாங்கவே வேண்டாம்.

டயலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. டயலைப் பிடித்து நிறுத்தும், பின்புறமுள்ள சின்ன ஊசிக் கால் ஒடிந்து பசையில் ஒட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும். ஓரத்தில் லேசான பழுப்பு இருந்தால் பயப்படாதீர்கள், அது வயசு. எனக்கு அதுதான் அழகு.